கோப்பின் வாலைப் பாருங்கள்!

தோட்டத்து ஆசிரியர் பகுதி



தீபாவளி நெருங்கினால் போதும். முறுக்கு மாவு பிசைவதற்கு முன்பே நம் பிள்ளைகள், "புதுப் படம் என்ன வந்திருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பமே போய் உட்கார்ந்தது. பிறகு வீடியோ நாடா வந்தது. பட்டணத்துக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்தோம். அதற்கும் பின்னால் வி.சி.டி. தட்டுகள் பசார் மாலாமில் குவிந்து கிடந்தன. இன்றைக்கோ படம் ஹேண்ட்போனுக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த நாளில் நாடா சிக்கினால் படம் பாதியில் நிற்கும். நட்டம் அதோடு முடிந்துவிடும். இன்று நிலைமை அப்படியில்லை. படம் என்று நினைத்து இறக்கிய ஒன்று, வங்கியில் கிடக்கும் சம்பளப் பணத்தையே துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே இம்முறை, முன்பின் தெரியாத இணையப் பக்கங்களிலிருந்து படம் இறக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

"இறக்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் போகிறது" என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். இணைய அலை எல்லா லயங்களுக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை. செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டால் ஒரு கோடு கூட நிற்பதில்லை. அதனால் பட்டணத்துக்குப் போகும்போது படத்தை இறக்கிக்கொண்டு வந்து, வீட்டில் நிதானமாகப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தில் தவறில்லை. எந்த வாசலில் போய் இறக்குகிறோம், எதை இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெயரும் வாலும்

கணினியிலும் ஹேண்ட்போனிலும் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் மூன்று நான்கு எழுத்துகள். இந்தக் கடைசி எழுத்துகளைத்தான் நான் வால் என்கிறேன். பெயர் எதுவாகவும் இருக்கலாம். யாரும் எப்படியும் சூட்டலாம். அந்தக் கோப்பைத் திறந்தால் கருவி என்ன செய்யப்போகிறது என்பதைச் சொல்வது பெரும்பாலும் வால்தான்.

எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று முடிந்தால் அது படக் கோப்பு. ஏ.பி.கே. என்று முடிந்தால் அது படமன்று. ஆண்ட்ராய்டு ஹேண்ட்போனில் குடியேறும் ஒரு செயலி, அதாவது பிள்ளைகள் 'ஆப்' என்று சொல்வது. ஈ.எக்ஸ்.ஈ., எஸ்.சி.ஆர்., வி.பி.எஸ். என்று முடிந்தால் அது கணினியில் வேலை செய்யத் தொடங்கும் நிரல். படம் நம் கண்ணுக்கு ஓடுகிறது. நிரலோ நம் கருவிக்கே கட்டளையிடுகிறது. வீட்டுக்கு வந்து வாசலில் நின்று பாடிவிட்டுப் போகிறவருக்கும், சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிடுகிறவருக்கும் உள்ள வேறுபாடு இது.

திருடர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஆகவே ஒரு கோப்புக்கு இரண்டு வால் வைப்பார்கள். படத்தின் பெயர், புள்ளி, எம்.பி.4, மறுபடியும் ஒரு புள்ளி, ஈ.எக்ஸ்.ஈ. என்று இருக்கும். வின்டோஸ் கணினி, நாம் மாற்றி வைக்காத வரையில், தனக்குத் தெரிந்த கடைசி வாலை மறைத்துக் காட்டும். நம் கண்ணுக்கு எம்.பி.4 மட்டும் தெரியும். படம் என்று நம்பி இருமுறை தட்டுவோம்.

இது புதிய தந்திரமன்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்னும் நச்சு நிரல் இதே வழியில்தான் உலகைச் சுற்றியது. காதல் கடிதம் என்று மின்னஞ்சலில் வந்தது. எழுத்துக் கோப்பின் வால் வெளியே தெரிந்தது, வி.பி.எஸ். என்ற உண்மை வால் ஒளிந்திருந்தது. திறந்தவர்களின் கணினியில் இருந்த படங்களை அழித்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பி வைத்தது. இத்தனை ஆண்டு கழிந்தும் அதே தூண்டில் வேலை செய்கிறது. மீன்தான் புதிது.

வீட்டில் கணினி இருந்தால் கோப்புகள் காட்டப்படும் சன்னலில் 'வியூ' என்ற பகுதியைத் திறந்து, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான வால்கள் ஒளிய முடியாது.

இன்னோர் அடையாளம், அளவு. இரண்டரை மணி நேரப் படம் தெளிவாக ஓட வேண்டுமானால் பல நூறு மெகாபைட் வேண்டும். ஒரு ஜிகாபைட்டையும் தாண்டும். ஐந்து மெகாபைட்டில் முழுப் படம் என்றால், ஒரு டின் பாலில் ஊருக்கே பாயசம் என்பது போலத்தான். ஆனால் அளவு பெரிதாக இருந்துவிட்டதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். வெறும் சவ்வரிசியைக் கொட்டி மூட்டையைப் பெரிதாக்கவும் திருடனுக்குத் தெரியும்.

பத்துப் பொத்தான், ஒரு படம்

திருட்டுப் படப் பக்கம் ஒன்றைத் திறந்தால் 'டவுன்லோட்' என்று பச்சையிலும் சிவப்பிலும் பல பொத்தான்கள் மின்னும். அவற்றில் பல விளம்பரங்கள். ஒன்றைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும். "உங்கள் ஹேண்ட்போனில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே சுத்தம் செய்க" என்று பயமுறுத்தும். ஓர் இணையப் பக்கம் நம் கருவிக்குள் புகுந்து பார்த்து வைரஸை எண்ணிச் சொல்ல முடியாது. அது வெறும் படம் வரைந்த பயமுறுத்தல். எதையும் தொடாமல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் போதும்.

மற்றொரு பக்கம், "நீங்கள் மனிதர்தான் என்று காட்ட 'அலவ்' என்பதைத் தொடுங்கள்" என்று கேட்கும். தொட்டால் அன்று முதல் பொய் அறிவிப்புகள் இரவும் பகலும் வந்து குவியும். இப்படி அனுமதி கொடுத்துவிட்டவர்கள், குரோமின் அமைப்புகளில் 'நோட்டிபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்தப் பக்கத்தின் பெயரை நீக்கிவிடலாம்.

இன்னும் சில இடங்களில் படத்தைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பாகத் தருவார்கள். கடவுச்சொல்லையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் பூட்டுவது எதற்கு? காவல்காரன் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான். பூட்டிய பெட்டிக்குள் இருப்பதை வைரஸ் தடுப்பு நிரலால் சோதிக்க முடியாது. இப்படி வரும் 'படத்தை' அப்படியே அழித்துவிடுங்கள்.

"இந்தப் படம் ஓட இது வேண்டும்"

ஒரு படத்தைத் தொட்டதும், "இதைப் பார்க்க உங்களிடம் உரிய கருவி இல்லை, இதை இறக்கி நிறுவுக" என்று வந்தால், அங்கேயே நில்லுங்கள். 2005ஆம் ஆண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய 'ஸ்லாப்' என்னும் நச்சு நிரல், படம் ஓட்டத் தேவையான கோடெக் என்று வேடமிட்டுத்தான் கணினிகளில் புகுந்தது. 2008இல் 'கூப்ஃபேஸ்' முகநூல் வழியாக வந்தது. நண்பர் அனுப்பிய வீடியோ போல் இருக்கும். தொட்டால் 'ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்' என்று கேட்கும். அந்த ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அதன் நிறுவனமே 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று யாராவது ஃபிளாஷைப் புதுப்பிக்கச் சொன்னால், இறந்தவரின் பெயரில் கடன் கேட்கிறார்கள் என்று பொருள்.

வி.எல்.சி. என்று ஒரு இலவசச் செயலி உண்டு. பிரான்ஸ் நாட்டில் இலாப நோக்கமில்லாத ஒரு குழுவினர் உருவாக்கித் தருவது. வழக்கில் உள்ள ஏறத்தாழ எல்லாப் படக் கோப்பும் அதில் ஓடும். அதைப் பிளே ஸ்டோரிலிருந்தோ அவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்தோ ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஓடாத படம் நமக்கு வேண்டாம்.

ஒரு வெள்ளிக் கட்டணம்

எங்கள் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் 2022இல் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அந்தத் தாய் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். மகள் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று மாதாமாதம் மிச்சம் பிடித்து 6,400 வெள்ளி சேர்த்திருந்தார். மகனுக்கு வயது பதினான்கு. வீட்டில் இணைய வங்கி வேலையெல்லாம் அவன்தான் பார்ப்பான். அம்மாவுக்கு அந்த எழுத்துகள் புரியாது. கடவுச்சொல் பையனுக்கு மனப்பாடம். நம் வீடுகளில் இது புதுமையா? மின்சாரக் கட்டணம் கட்டுவதும், அண்ணனுக்குப் பணம் அனுப்புவதும் பிள்ளைகள்தாமே!

டெலிகிராம் குழுவில் புதுப் படம் ஒன்றின் பெயரோடு ஒரு கோப்பு வந்தது. பெயர் படத்தின் பெயர், வால் ஏ.பி.கே. பையன் தொட்டான். ஹேண்ட்போன் எச்சரித்தது. ஆனால் எச்சரிக்கையை எப்படித் தாண்டுவது என்று அந்தக் குழுவிலேயே படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தாண்டினான். செயலி, "உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?" என்று கேட்டது, அனுமதித்தான். "உறுப்பினர் கட்டணம் ஒரு வெள்ளி மட்டும்" என்று சொல்லி, நாம் வழக்கமாகப் பார்க்கும் வங்கிச் சின்னங்களை வரிசையாகக் காட்டியது. ஒரு வெள்ளிதானே! அம்மாவின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டான். "கோளாறு, பிறகு முயல்க" என்று வந்தது. படமும் ஓடவில்லை.

அந்த வங்கிப் பக்கம் பொய். ஒரு வெள்ளி அவர்களுக்குத் தேவையில்லை, கடவுச்சொல்தான் தேவை. அன்றிரவு அவர்கள் அந்தக் கணக்கைத் திறந்து பணத்தை மூன்று தவணையாக எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வங்கி அனுப்பிய டி.ஏ.சி. எண் குறுஞ்செய்தியாக வந்தது. செயலி அதை வீட்டார் கண்ணில் படாமல் மறைத்து, திருடர்களுக்கு அனுப்பிவிட்டது.

ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பையனுக்கு அன்று மாலையே தோன்றியிருக்கிறது. சொன்னால் அப்பா பெல்டை எடுப்பார் என்ற பயம். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பட்டணத்துக்குப் போன தாய், பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் பணம் பல கணக்குகள் மாறிப் போய்விட்டது. போலீசில் புகார் செய்தார்கள், பணம் திரும்பவில்லை. மகள் படிக்கப் போனாள், தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போன பிறகு.

தாய்மார்களே, தந்தைமார்களே! அந்த வீட்டில் பணத்தைத் திருடியவன் எங்கேயோ இருந்தான். ஆனால் அவனுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தது அந்த பெல்ட்தான். அதை மறக்காதீர்கள்.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையைவிட்டு வலுவான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. இப்போது பெரும்பாலான வங்கிகள் தங்கள் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் திருடனும் மாறியிருக்கிறான். இன்று அவனுடைய செயலிகள் 'அக்செசிபிலிட்டி' என்ற அனுமதியைக் கேட்கின்றன. கண்பார்வை குறைந்தவர்களுக்கும் கைகால் முடியாதவர்களுக்கும் உதவுவதற்காக ஏற்பட்டது அது. அதைப் பெற்ற செயலி நம் திரையைப் படிக்கலாம். நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். படம் காட்டும் செயலிக்கு அது எதற்கு? கேட்டாலே நீக்கிவிடுங்கள்.

கோப்பு படத்தின் பெயரில்தான் வரும் என்பதில்லை. 2023இல் இந்தோனேசியாவிலும் நம் நாட்டிலும் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்புகள் வந்தன. மணமக்கள் பெயர் பார்க்கும் ஆவலில் திறந்தவர்கள் ஏமாந்தார்கள். அழைப்பிதழுக்கு ஏ.பி.கே. வால் இருக்காது.

வாசகர்கள் கேட்பவை

*"ஐயா, உண்மையான எம்.பி.4 கோப்பிலும் ஆபத்து வருமா?"*

அரிதாக வரும். 2015இல் ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற குறை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தி அமைத்த ஒரு வீடியோவே கருவியைக் கைப்பற்ற அந்தக் குறை இடம் கொடுத்தது. புதுப்பிப்புகள் அதைச் சரிசெய்தன. ஆகவே ஹேண்ட்போன் 'அப்டேட்' கேட்கும்போது, அமைப்புகள் பகுதிக்குப் போய் அங்கிருந்தே செய்துகொள்ளுங்கள். புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஹேண்ட்போனை வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

*"பிளே ஸ்டோரில் இருந்தால் நம்பலாமா?"*

வெளியிலிருந்து வருவதைவிடப் பாதுகாப்பானது. முழுக்க நம்பலாம் என்று சொல்ல முடியாது. யார் செய்தது, என்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' என்ற காவல் ஒன்று உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*"எல்லாரும் இறக்குகிறார்கள், சட்டம் என்ன செய்துவிடும்?"*

2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், திருட்டு ஒளிபரப்புக்கு வழி செய்து கொடுப்போருக்குப் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. தோட்டத்தில் ஐந்து பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குத் திருட்டுப் படச் செயலி போட்டுக் கொடுக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*"அப்படியானால் படமே பார்க்கக் கூடாதா?"*

தாராளமாகப் பாருங்கள். படம் எடுத்த நிறுவனங்களே தங்கள் பழைய தமிழ்ப் படங்களை யூடியூபில் முழுதாகப் போட்டு வைத்திருக்கின்றன. ஆர்.டி.எம். நிகழ்ச்சிகளை அதன் 'கிளிக்' செயலியில் காசில்லாமல் பார்க்கலாம். மாதக் கட்டணம் கட்டும் செயலிகள் பலவற்றில், பட்டணத்தில் இருக்கும்போதே படத்தை உள்ளே இறக்கி வைத்து, அலை இல்லாத லயத்தில் பார்க்கும் வசதியும் உண்டு. ஒரு மாதக் கட்டணம் பார்க்கக் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றலாம். தாலிக்கொடிக்குக் கட்டும் வட்டியை நினைத்துப் பாருங்கள்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் வேலை, அந்த ஹேண்ட்போனின் இணையத் தொடர்பைத் துண்டிப்பது. விமான முறைக்கு மாற்றுங்கள். வை-ஃபையும் அணைந்திருக்க வேண்டும்.

அடுத்து, வேறொரு ஹேண்ட்போனிலிருந்து உங்கள் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். எண்ணை உங்கள் ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்தில் பாருங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள். பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் கைமாறிக்கொண்டே போகும். பாதி வழியில் பிடிக்க வேண்டுமானால் நேரம் முக்கியம்.

பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். வந்த இணைப்பு, கோப்பின் பெயர், பணம் போன நேரம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுங்கள். குழுவில் வந்த செய்தியை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அது சாட்சி.

கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கெட்டுப்போன ஹேண்ட்போனில் மாற்றினால், திருடனுக்குப் புதுச் சாவியையும் நாமே கொடுத்ததாகிவிடும். விவரங்களைக் குறித்துக்கொண்ட பின், அந்த ஹேண்ட்போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பித் துடைத்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

இன்றே செய்யுங்கள்

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று: ஹேண்ட்போன் அமைப்புகளில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்ற பகுதியைத் தேடித் திறந்து, குரோம், டெலிகிராம், வாட்ஸ்அப் உட்பட எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள்.

இரண்டு: எந்தச் செயலிக்குக் குறுஞ்செய்தி படிக்க அனுமதி இருக்கிறது, எதற்கு 'அக்செசிபிலிட்டி' இருக்கிறது என்று பாருங்கள். காரணம் தெரியாததை நிறுத்துங்கள்.

மூன்று: வங்கி இருக்கும் ஹேண்ட்போன் வேறு, படம் பார்க்கும் ஹேண்ட்போன் வேறு என்று பிரித்துவிடுங்கள். வீட்டில் ஒரே ஹேண்ட்போன்தான் என்றால், அதில் தெரியாத பக்கத்திலிருந்து எதுவும் இறக்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஐயா, அம்மாடி, ஹேண்ட்போனில் ஏதாவது தப்பாகத் தொட்டுவிட்டால் உடனே எங்களிடம் வந்து சொல்லு. அடிக்க மாட்டோம்." சொன்னதைக் காப்பாற்றுங்கள். பாம்பு வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்த பிள்ளை, அடிக்குப் பயந்து சொல்லாமல் படுத்துக்கொண்டால் அந்த வீடு என்னாவது?

படித்ததைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிகள் கையிலும் இன்று ஹேண்ட்போன் இருக்கிறது. கோப்பின் வாலைப் பார்க்க அவர்களுக்கு நம் கண் வேண்டும்.